கேள்வியில் தெரியும் மனம்: பலவிதமாகச் சிந்திப்பவர்களை ஒரே வேலையில் வழிநடத்துவது எப்படி

திருப்பூரில் ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் ஒரு நிறுவனத்தில் நான் உற்பத்தி மேலாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்த துணி ரோல்கள் வந்து இறங்கிய ஒரு மாலையில், எங்கள் கட்டிங் மாஸ்டர் என்னிடம், "ஏனுங்க தம்பி, இந்த ரோலையெல்லாம் எப்பப் பிரிச்சுப் போட்டாங்க?" என்று கேட்டார். என் மனத்தில் அப்போது கப்பல் தேதி மட்டுமே இருந்தது. ஆகவே அந்தக் கேள்வி வேலையைத் தள்ளிப்போடும் சாக்காகவே எனக்குப் பட்டது. "அதெல்லாம் பார்க்க நேரமில்லைங்க மாஸ்டர், இன்னிக்கு ராத்திரியே வெட்டியாகணும்" என்றேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே வெட்டி முடித்தார்கள்.

ரோலில் சுற்றிய பின்னல் துணி இழுபட்ட நிலையிலேயே இருக்கும். அதைப் பிரித்துப் போட்டு ஆறவிட்டால்தான் தன் இயல்பான அளவுக்குச் சுருங்கி நிற்கும். லைக்ரா கலந்த துணியென்றால் 24 மணி நேரம் விடுவது தொழிலில் உள்ள வழக்கம். நாங்கள் விடவில்லை. தைத்து, அயர்ன் செய்து, செக்கிங் மேசையில் நாடா வைத்து அளந்தபோதுதான் உடல் நீளம் அனுமதித்த வரம்புக்கும் கீழே இறங்கியிருப்பது தெரிந்தது. மறுபடியும் துணி ஓட்டி, மறுபடியும் வெட்டி, தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கண்டெய்னரில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் வந்திருக்க வேண்டிய லாபம் விமானக் கட்டணத்துக்கே போயிற்று.

பல நாள் யோசித்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. மாஸ்டர் என்னை எச்சரித்திருந்தார். ஒரு வேலையை முந்தைய படி, அடுத்த படி என்று வரிசையாகவே மனத்தில் ஓட்டிப் பார்க்கும் மனிதர் அவர். அவருக்கு ஐயம் எழுந்தால் அது முந்தைய படியைப் பற்றிய கேள்வியாகவே வெளிவரும். "இப்போது வெட்டினால் அளவு குறையும், சரக்கு நிராகரிக்கப்படும்" என்று அவர் விளைவைச் சொல்லியிருந்தால் எனக்கு உடனே உறைத்திருக்கும், ஏனென்றால் நான் விளைவையும் தேதியையும் வைத்துச் சிந்திப்பவன். அவர் அவருடைய முறையில் பேசினார், நான் என்னுடைய முறையில் கேட்டேன். இரண்டுக்கும் நடுவே செய்தி விழுந்துவிட்டது. அந்த நடுப்பகுதியை எப்படி அடைப்பது என்பதை, தளத்தில் நின்று கற்றுக்கொண்ட வரையில், இங்கே எழுதுகிறேன். பனியன் கம்பெனி, ஃபவுண்டரி, நூற்பாலை, கடை, அலுவலகம் என எங்கே ஐந்து பேரை வைத்து வேலை வாங்குபவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

நான்கு வகைக் கேள்விகள்

ஒரு சோதனை செய்து பாருங்கள். மாற்றம் ஒன்றை அறிவித்துவிட்டு, முதலில் யார் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். எங்கள் தொழிலில் அடிக்கடி வரும் செய்தி இது: "பையர் கழுத்து ரிப்பை மாற்றச் சொல்லிவிட்டார், ஷிப்மென்ட் தேதி மாறாது."

பையர் என்பது எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம், ரிப் என்பது கழுத்தில் வைத்துத் தைக்கும் பின்னல் பட்டை. இந்தச் செய்தியைக் கேட்டதும் ஒருவர், "இதுவரை எத்தனை பீஸ் வெட்டியாயிற்று? புது ரிப் கிலோ என்ன விலை? அந்தச் செலவு யார் கணக்கில் ஏறும்?" என்பார். இவர் அளவுகளையும் காரண காரியத்தையும் பிடித்துக்கொண்டு சிந்திப்பவர். இன்னொருவர், "மாற்றிய சாம்பிளுக்கு அப்ரூவல் வந்துவிட்டதா? பழைய ரிப் புதியதோடு கலந்துவிடாமல் எங்கே வைப்பது? எந்த லைனில் முதலில் மாற்றுவது?" என்று கேட்பார். இவருக்கு ஒழுங்கும் வரிசையுமே முக்கியம். எங்கள் மாஸ்டர் இந்த வகை. மூன்றாமவர், "போன வாரமும் இவர்களே ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தார்கள், இந்த வாரமும் இவர்களையே எப்படி நிறுத்துவது? டெய்லர்களிடம் யார் போய்ச் சொல்வது?" என்பார். ஆட்களின் முகம்தான் இவர் மனத்தில் முதலில் வரும். நான்காமவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எதற்காக மாற்றச் சொல்கிறார்? கழுத்து தளர்கிறது என்பதுதான் குறையென்றால், ரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தைக் குறைத்துக் காட்டலாமே?" என்பார். கொடுத்த வேலைக்கு வெளியே நின்று வேறு வழி தேடுபவர் இவர்.

எத்தனை, எப்படி, யார், ஏன் என்ற இந்த நான்கில் ஒன்று விடுபட்டாலும் வேலை எங்கேயோ இடறும். ஆனால் ஒரே மனிதருக்கு நான்கும் ஒருசேரத் தோன்றுவது அரிது. குழு என்ற ஒன்று தேவைப்படுவதே இதனால்தான்.

இப்படி நான்காகப் பிரிக்கும் பழக்கம் புதியதன்று. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் மேலாளர் பயிற்சியைக் கவனித்துவந்த நெட் ஹெர்மன், 1970களின் பிற்பகுதியில், ஏறக்குறைய இதே நான்கு பிரிவுகளை வைத்து ஒரு மாதிரியை உருவாக்கினார். மூளையின் இரு பாதிகளும் தனித்தனித் திறன்கள் கொண்டவை என்று காட்டியதற்காக 1981இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்வுகள் அவரைப் பெரிதும் தூண்டின. ஆனால் அங்கிருந்து கிளம்பி, "இவர் இடது மூளைக்காரர், அவர் வலது மூளைக்காரர்" என்று ஊரெங்கும் பரவிய பேச்சுக்கு அறிவியல் துணை நிற்கவில்லை. 2013இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளைப் படங்களை ஆராய்ந்து, ஒருவருக்கு ஒரு பாதி ஒட்டுமொத்தமாக ஓங்கியிருப்பதற்கான அடையாளம் இல்லை என்று கண்டார்கள். ஆகவே இந்த நான்கையும் மூளையின் வரைபடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் காதைப் பழக்கிக்கொள்ள உதவும் ஓர் ஏற்பாடு என்ற அளவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த அளவில் அது மிகவும் உதவுகிறது.

முதலில் உங்களைப் பாருங்கள்

பிறரைக் கவனிக்கத் தொடங்கும் முன் உங்கள் கைபேசியை எடுத்து, பணியாளர்களுக்கு நீங்கள் கடைசியாக அனுப்பிய 20 வாட்ஸ்அப் செய்திகளைப் படியுங்கள். ஒவ்வொன்றும் மேற்சொன்ன நான்கில் எந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். நான் இதைச் செய்தபோது வெட்கமாக இருந்தது. பெரும்பாலானவை தேதியும் எண்ணிக்கையும்தான்: "இன்று எத்தனை?", "எப்போது முடியும்?", "ஏன் குறைந்தது?" யாரை வைத்து முடிப்பது என்று ஒரு செய்திகூட இல்லை, எதற்காக இந்த அவசரம் என்று விளக்கிய செய்தி ஒன்றே ஒன்று இருந்தது. என்னிடம் வேலை பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேரோடு நான் அவர்களுக்குப் பழக்கமில்லாத முறையிலேயே நாள்தோறும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இது தானாகத் தெரியவே தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 1990இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஓர் எளிய சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தைச் சிலர் மேசைமேல் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாடல்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவருக்குத் தம் மனத்துக்குள் முழுப் பாடலும் கேட்கிறது. எதிரே இருப்பவருக்கோ வெறும் தட்டல் ஓசைதான். "வெள்ளிக்கிழமை போயாகணும்" என்று நாம் சொல்லும்போது பையரின் மின்னஞ்சல், வங்கிக் கெடு, அடுத்த சீசனின் ஆர்டர் எல்லாம் நமக்குள் ஒலிக்கின்றன. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குக் கேட்பது வெள்ளிக்கிழமை என்ற ஒற்றைச் சொல்.

இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு

உங்களிடம் நேரடியாக வேலை பார்ப்பவர்கள் எட்டுப் பேர் என்றால், குறிப்பேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டாம். நம் ஊர்களில் முதலாளி கொடுக்கும் எந்தத் தாளையும் தேர்வாகவே எடுத்துக்கொள்வார்கள், அவருக்குப் பிடித்த விடை எது என்று பார்த்தே எழுதுவார்கள். அதற்குப் பதிலாக மூன்றைக் கவனித்து எழுதுங்கள்: ஒரு மாற்றத்தைக் கேட்டதும் அவர் எழுப்பும் முதல் கேள்வி, அவர் அடிக்கடி சொல்லும் குறை, அவர் பெருமையோடு காட்டும் வேலை.

மூன்றில் கடைசியானதுதான் அதிகம் பேசும். பதினொரு மணி டீ நேரத்தில் பேக்கிங் பொறுப்பாளர் ஒருவர் என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போய், அட்டைப்பெட்டிகளை அளவு வாரியாக அடுக்கிய அலமாரியைக் காட்டினார். கட்டிங்கில் இன்னொருவர், மார்க்கரை (துணியில் வெட்ட வேண்டிய துண்டுகளை அடுக்கிக் காட்டும் வரைபடத்தை) மாற்றிப் போட்டதில் வேஸ்ட் எத்தனை கிலோ குறைந்தது என்று துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தார். லைன் சூப்பர்வைசர் அக்கா ஒருவர், தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் தம் லைனில் ஒருவர்கூடக் குறையாமல் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொன்னார். மெக்கானிக் தம்பியோ, பழைய தகட்டை வளைத்து ஃபிளாட்லாக் தையல் மெஷினுக்குத் தானே செய்த, துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டரைக் காட்டினார். நால்வருமே தம் வேலையைத்தான் காட்டினார்கள். எதைச் சாதனை என்று கருதுகிறார்கள் என்பதில் அவர்களுடைய மனம் தெரிந்தது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஒருவர் பார்க்கும் வேலையை வைத்து அவருடைய சிந்தனை முறையை முடிவு செய்யக்கூடாது. கணக்குப் பிரிவில் இருந்த ஒருவரை நான் நெடுங்காலம் எண்களின் மனிதர் என்றே எண்ணியிருந்தேன். பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதத்தில் யாருக்கு அட்வான்ஸ் தேவைப்படும், யார் கேட்கக் கூச்சப்படுவார் என்பதை மனப்பாடமாக வைத்திருந்து, சம்பளச் சனிக்கிழமைக்கு முன்பே என்னிடம் அனுமதி வாங்கி வைப்பவர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரிடம் ஒரு புதிய நடைமுறையை விளக்கும்போது எத்தனை ரூபாய் மிச்சம் என்று தொடங்கினால் தலையை மட்டும் ஆட்டுவார். யாருக்கு இது எளிதாகும் என்று தொடங்கினால் தாமே அதை நடத்திக் காட்டுவார்.

ஒரே செய்தி, நான்கு பதில்கள்

குறிப்பேடு ஓரளவு நிறைந்ததும், நீங்கள் பேசும் முறையை மாற்றத் தொடங்கலாம். ஆளுக்கொரு விதமாகத் தனித்தனியே பேசுவது எப்போதும் இயலாது. எல்லோருக்கும் சொல்ல வேண்டிய செய்தியில் நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வொரு வரியாவது பதில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். முன்பெல்லாம் நான், "வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட். மிக அவசரம். அனைவரும் ஒத்துழைக்கவும்" என்று அனுப்பிவிட்டு, யாரும் ஒத்துழைக்கவில்லை என்று வருந்துவேன். இப்போது காலையில் லைன் தொடங்கும் முன் எல்லோரையும் நிறுத்தி ஏறக்குறைய இப்படிப் பேசுகிறேன்:

"போன சரக்கில் கழுத்து தளர்ந்ததாகக் கடையில் வாங்கியவர்கள் குறை சொல்லியிருக்கிறார்கள், அதனால் பையர் ரிப்பை மாற்றச் சொல்கிறார். மொத்தம் 6,000 பீஸ், அதில் 1,400 மட்டும்தான் வெட்டியிருக்கிறது, அந்த 1,400க்குக் கழுத்தை மட்டும் மாற்றினால் போதும். இன்று மதியம் புது ரிப் வருகிறது. வந்ததும் முதல் லைனில் மட்டும் மாற்றுகிறோம், அங்கே செக்கிங்கில் சரியென்றால் நாளைக் காலை மற்ற லைன்களுக்கு. பழைய ரிப் முழுவதையும் ஸ்டோரில் பூட்டிவிடுகிறோம். புதன், வியாழன் இரண்டு நாள் மட்டும் ஒன்றரை ஷிஃப்ட்; போன வாரம் நின்றவர்கள் இந்த முறை நிற்க வேண்டியதில்லை, விருப்பமிருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். இதைவிட எளிதான வழி யாருக்காவது தோன்றினால் பதினொரு மணிக்குள் என்னிடம் வாருங்கள்."

இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. வரிசையையும் கவனியுங்கள். காரணம் முதலில் வருகிறது, ஏனெனில் காரணம் தெரியாதவருக்குப் பின்னால் வரும் எண்களெல்லாம் சுமையாகவே படும். மாற்று வழி கேட்பதற்கு ஒரு நேரக்கெடு இருக்கிறது. அது இல்லாவிட்டால் யோசனை சொல்பவர்கள் மாலை வரை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், ஒழுங்கை நாடுபவர்கள் எதைச் செய்வது என்று தெரியாமல் தவிப்பார்கள். அந்த நேரக்கெடு இரு தரப்பாருக்கும் நீங்கள் காட்டும் மரியாதை.

"சரிங்க" என்றால் என்ன பொருள்

கொங்குப் பகுதியில் வேலை வாங்குபவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டே ஆக வேண்டிய ஒன்று இது. எங்கள் பேச்சில் மரியாதை இயல்பாகவே கலந்திருக்கிறது. சிறுபிள்ளையையும் "வாங்க, போங்க" என்று அழைக்கும் வழக்கம் கொண்டவர்கள் நாங்கள். பெரியவரிடமோ மேலதிகாரியிடமோ "முடியாது" என்று நேராகச் சொல்வது இங்கே முறையாகக் கருதப்படுவதில்லை. அதனால் "சரிங்க" என்ற ஒரு சொல்லே பல பொருள்களைச் சுமக்கிறது: கேட்டுக்கொண்டேன் என்பது ஒன்று, ஒப்புக்கொள்கிறேன் என்பது ஒன்று, ஒப்பவில்லை, ஆனால் நீங்கள் சொல்வதால் செய்கிறேன் என்பது ஒன்று, இது நடக்காது, நீங்களே பிறகு தெரிந்துகொள்வீர்கள் என்பதும் ஒன்று. அன்று மாஸ்டர் சொன்னது மூன்றாவது வகை. நான் இரண்டாவதாக எடுத்துக்கொண்டேன்.

பொருளைப் பிரித்தறியக் குரலை மட்டும் நம்பினால் தவறிவிடும். சொல்பவரின் சிந்தனை முறைக்கு ஏற்ற ஒரு கேள்வியை உடனே திருப்பிக் கேட்பதுதான் நான் கண்ட நல்ல வழி. எண்களில் சிந்திப்பவர் "சரிங்க" என்றால், "ஒரு மணிக்கு எத்தனை பீஸ் வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், மனத்துக்குள் ஒப்பாதவர் அங்கேயே உண்மையான எண்ணைச் சொல்லிவிடுவார். ஒழுங்கை நாடுபவரிடம், "இதைத் தொடங்கும் முன்னால் எது முடிந்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். அன்று நான் இதைக் கேட்டிருந்தால், "துணி ஆறியிருக்கோணுமுங்க" என்று அரை நொடியில் பதில் வந்திருக்கும். ஆட்களை நினைப்பவரிடம், "இதைக் கேட்டதும் உங்கள் லைனில் யார் முகம் சுளிப்பார்கள்?" என்று கேட்கலாம், தம் கருத்தைச் சொல்லத் தயங்குபவர்கூடப் பிறருடைய கஷ்டத்தைத் தயங்காமல் எடுத்துச் சொல்வார். வேறு வழி தேடுபவரிடம், "உங்கள் கையில் விட்டிருந்தால் எப்படிச் செய்திருப்பீர்கள்?" என்றால் போதும்.

"பார்த்துக்கலாமுங்க" என்பதையும் இதே கவனத்தோடு கேட்க வேண்டும். என் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஐயம் ஒளிந்திருக்கும். அதைக் கேட்டதும் நடையை நிறுத்தி, அவர் அருகில் ஒரு நிமிடம் நின்று, அது என்ன என்று அமைதியாகக் கேட்டுவிடுவது நல்லது. பலர் நடுவில் கேட்காமல் தனியே கேளுங்கள்.

கூட்டத்தில் யார் முதலில் பேசுவது

மூத்தவர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அதன்பின் இளையவர்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே நீங்கள் கடைசியாகப் பேசுங்கள், அனுபவம் குறைந்தவரை முதலில் பேசச் சொல்லுங்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். வரிசையாக யோசிப்பவருக்கு அந்த இரவு தேவை, திடீரென்று கேட்டால் அவர் தம்மிடம் உள்ளதில் பாதியைத்தான் சொல்வார். கூட்டத்தில் வேகமாகப் பேசுபவரையே கெட்டிக்காரர் என்று நினைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. அதனால் இழந்த நல்ல சூப்பர்வைசர்களை என்னால் விரல்விட்டு எண்ண முடியும்.

தவறைச் சுட்டிக்காட்டுதல்

ஒருவரைத் திருத்தும்போது அவர் மதிக்கும் பொருளைக் கொண்டே திருத்துங்கள். அளவுகளை மதிப்பவரிடம் செக்கிங் அறிக்கையை வைத்துப் பேசுங்கள். ஒழுங்கை மதிப்பவரிடம் எந்தப் படி விடுபட்டது என்று மட்டும் கேளுங்கள்; "எப்போதும் இப்படித்தான் செய்கிறீர்கள்" என்ற சொல் அவரை ஆழமாகப் புண்படுத்தும். ஆட்களை மதிப்பவரிடம், அந்தத் தவறால் அடுத்த மேசையில் யாருக்கு மறுவேலை விழுந்தது என்று சொன்னால் போதும், குரலை உயர்த்த வேண்டியதே இல்லை. புதுமையை நாடுபவரிடம், முயன்று பார்த்ததற்கு முதலில் பாராட்டைத் தெரிவித்துவிட்டு, அடுத்த முறை பத்து பீஸில் செய்து பார்த்துவிட்டுப் பிறகு லைனுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எவரானாலும் பலர் முன்னிலையில் திருத்துவது மட்டும் வேண்டாம்.

இருவரை இணைத்தல், தந்தையும் மகனும்

சிந்தனை முறை வேறுபட்ட இருவரை ஒரே பொறுப்பில் சேர்த்துவிடுவது பலன் தரும், உராய்வையும் தரும். பிரிட்டிஷ் உளவியலாளர் மைக்கேல் கர்ட்டன் 1976இல் வெளியிட்ட கோட்பாடு இதற்கு எனக்கு மிகவும் உதவியது. சிலர் இருக்கும் முறைக்குள்ளேயே நின்று அதைச் செம்மைப்படுத்துவார்கள், சிலர் முறையையே மாற்றப் பார்ப்பார்கள். இது திறமையின் அளவைக் காட்டுவதன்று, சிக்கலைத் தீர்க்கும் விதத்தில் உள்ள வேறுபாடு என்பது அவர் கருத்து. முதல் வகையினருக்கு இரண்டாம் வகையினர் பொறுப்பற்றவர்களாகத் தெரிவார்கள். இவர்களுக்கு அவர்கள் பிடிவாதக்காரர்களாகத் தெரிவார்கள்.

கொங்கு மண்டலத்தின் தொழில்களில் பெரும்பாலானவை குடும்பத் தொழில்கள் என்பதால், இந்த உராய்வை இங்கே நாம் தந்தைக்கும் மகனுக்கும், அல்லது தந்தைக்கும் மகளுக்கும் இடையிலேயே அதிகம் பார்க்கிறோம். கோவையில் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில், அப்பா முப்பது ஆண்டுகளாக எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறார். மகன் அனைத்தையும் கணினிக்கு மாற்ற வேண்டும் என்கிறார். இருவரும் ஒருவர் மற்றவரைத் தலைமுறைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கேள்வி, "மின்சாரம் போனால், கணினி பழுதானால், கணக்கு எங்கே இருக்கும்?" என்பது. மகனின் கேள்வி, "எந்த மாடல் எந்த மாதத்தில் அதிகம் விற்கிறது என்று இந்த நோட்டில் எப்படிப் பார்ப்பது?" என்பது. இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி நடுவில் வைத்த பிறகு, ஒரு பொருளுக்கு மட்டும் மூன்று மாதம் இரு விதமாகவும் பதிவு செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தந்தை மகன் வாக்குவாதத்தில் நீங்கள் நடுவராக நிற்க நேர்ந்தால், யார் சொல்வது சரி என்ற இடத்துக்குப் போகாமல், இருவருடைய கேள்விகளையும் எழுதி வைப்பதிலேயே நின்றுவிடுங்கள்.

1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. புதிதாகச் செய்து பார்ப்பவருக்கு இந்த மண்ணில் எப்போதும் மதிப்பு உண்டு, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் செய்ததையே பத்தாயிரம் முறை பிசகாமல் செய்பவரை அதே அளவுக்குக் கொண்டாட நாம் இன்னும் பழகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வார்ப்படத்தில் காற்றுக்குமிழ் விழாமல் ஆண்டுக்கணக்கில் ஊற்றித் தரும் மோல்டரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் நிறுவனத்தில் பாராட்டு யாருக்குப் போகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

முத்திரை குத்த வேண்டாம்

குறிப்பேட்டில் எழுதியதை எவரிடமும் காட்டாதீர்கள், "நீங்கள் இந்த வகை" என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். வகையைச் சொல்லிவிட்டால் ஆள் அதற்குள் அடைபட்டுவிடுவார். அதைவிட ஆபத்தானது, சாதி, ஊர், பாலினம், படிப்பு ஆகியவற்றின் மேல் நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணங்களைச் சிந்தனை முறை என்ற புதுப்பெயரில் திரும்பக் கொண்டுவருவது. பெண்கள் என்றால் ஆட்களை அனுசரிப்பார்கள், இன்ன சமூகத்தார் என்றால் கணக்கில் கெட்டி என்றெல்லாம் பேசுவது கவனித்து அறிந்ததாகாது. நான் பார்த்தவர்களில் எண்களை மிகக் கூர்மையாகப் பார்ப்பவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, டெய்லருக்கு உதவியாளாக, கைமடி வேலையில் தொடங்கிய ஒரு பெண்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்கள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். மொழி தெரியாமல் பேசாதிருப்பவரைச் சிந்திக்காதவர் என்று நினைத்துவிடுவது எளிது. அவர்களிடம் சொற்களைக் குறைத்து, சரியான பீஸ் ஒன்றையும் தவறான பீஸ் ஒன்றையும் அருகருகே வைத்து, தவறான இடத்தில் சாக்பீஸால் குறியிட்டுக் காட்டுங்கள். பிறகு இன்னொரு பீஸைக் கொடுத்து அவரையே குறியிடச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தை முதலில் தொட்டுப் பார்க்கிறார் என்பதிலேயே அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பது தெரியத் தொடங்கும்.

தொடங்கிய பின் என்ன எதிர்பார்க்கலாம்

முதல் இரண்டு மாதங்களில் நிலைமை மோசமாகிவிட்டது போலவே தோன்றும். முன்பு உங்கள் காதுக்கு வராத குறைகள் இப்போது வரத் தொடங்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களிலேயே மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு வியந்தார். அங்கே தவறுகள் அதிகம் நேரவில்லை, நேர்ந்ததை அஞ்சாமல் எடுத்துச் சொன்னார்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஆகவே குறைகளின் எண்ணிக்கையை அளக்காமல், ஒரு குறை எந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தெரியவருகிறது என்பதை அளந்து பாருங்கள். பேக்கிங்கில் தெரிந்துகொண்டிருந்தது தையலில் தெரிய வேண்டும், தையலில் தெரிந்தது கட்டிங்கில் தெரிய வேண்டும்.

எங்கள் தளத்தில் இப்போது ஒவ்வொரு துணி ரோலிலும் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. பிரித்துப் போட்ட தேதி, நேரம், பிரித்தவர் பெயர், அதற்குக் கீழே "இதற்கு முன் வெட்டக்கூடாது" என்று ஒரு நேரம். அந்தச் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் மாஸ்டர்தான். அவரிடம் நான், "வெட்டுவதற்கு முன்னால் எனக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், நீங்களே எழுதிக் கொடுங்க மாஸ்டர்" என்று கேட்டேன். மறுநாள் காலை, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில், வரிசை எண் போட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தார்.